‘ஒரு கட்டிங்தான் மச்சான்!’ - அந்த ஒரு கட்டிங்கில் எவ்வளவு இருக்கு? மாணவர்களின் குடியை அளக்கும் 15 கேள்விகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில், பொன்னேரியில் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொள்கிறது. அரசு கலைக் கல்லூரி மாணவர்கள், மீன்வளக் கல்லூரி மாணவர்கள், கவரைப்பேட்டை, பஞ்செட்டி பக்கத்துப் பொறியியல் மாணவர்கள், சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் என்று எல்லோரும் கலந்து நிற்கும் நேரம் அது. வார விடுமுறைக்கு யாருடைய பைக், எங்கே போவது, எவ்வளவு பணம் போடுவது என்ற பேச்சும் அப்போதுதான் தொடங்கும். பழவேற்காடா, தடா அருவியா, இல்லை ஊருக்கு வெளியே ஏதாவது ஏரிக்கரையா?

அந்தப் பேச்சில் ‘சரக்கு’ என்ற வார்த்தை வந்தால், நம் வீடுகளுக்கும் கல்லூரிகளுக்கும் தெரிந்த பதில் ஒன்றுதான்: “குடிக்காதே!” அது சரியான பதில். ஆனால், அதையும் மீறிக் குடிக்கிற பையனிடம் அதற்கடுத்து என்ன கேட்பது? “குடிச்சியா?” என்று கேட்டால் “இல்லைப்பா” என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவன் எப்படி வீடு திரும்பினான், யார் வண்டியை ஓட்டியது, மயங்கி விழுந்தவனை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

உயிர் போவது பெரும்பாலும் அந்தக் கேட்காத இடத்தில்தான். அந்த இடத்தை அளக்க உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கேள்விப் பட்டியலையே வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம்

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. ப்ளஸ் டூ முடித்து நேராகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குப் பட்டப்படிப்பின் பெரும்பகுதி 21 வயதுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆக, கல்லூரி மாணவர்களில் பெரும்பாலானோருக்குச் சட்டப்படி ‘எவ்வளவு குடிக்கலாம்’ என்ற கேள்வியே கிடையாது. உடல்நலக் கணக்கும் அதே பக்கம்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே மதுவை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ‘எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல’ என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது.

ஆனால் நிஜம் வேறாக இருக்கிறது. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். அந்த ‘ஒருவர்’ திடீரென்று முப்பது வயதில் முளைத்து வருவதில்லை. பலருக்கு முதல் மடக்கு, படிக்கிற வயதில் நண்பர்களோடுதான்.

15 கேள்விகள் வந்த கதை

கல்லூரி மாணவர்களின் குடியைப் பற்றி நீண்ட காலம் இரண்டே கேள்விகள்தான் கேட்கப்பட்டன. எவ்வளவு குடிக்கிறாய்? அதனால் என்ன பிரச்னை வந்தது? அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட்டும் அவருடைய சகாக்களும் வேறு வழியில் போனார்கள். மாணவரை உட்காரவைத்துத் திட்டாமல், அவருடைய குடிப்பழக்கத்தை அவருக்கே எடுத்துக்காட்டி, ஆபத்தைக் குறைக்கும் வழிகளைச் சேர்ந்து யோசிக்கிற குறுகிய ஆலோசனை முறையை உருவாக்கினார்கள். அந்த முறையை விளக்கும் கையேடு 1999-ல் வெளிவந்தது.

அப்படியென்றால், மாணவர்கள் அந்த வழிகளை உண்மையிலேயே கையாள்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காக மேத்யூ மார்ட்டென்ஸ் தலைமையிலான குழு 2005-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. பெயர், ‘பாதுகாப்பு நடத்தை உத்திகள் அளவுகோல்’. மொத்தம் 15 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதில் தொடங்கி ‘எப்போதும்’ என்பது வரை படிப்படியான பதில்கள். கேள்விகள் மூன்று வகை.

1. நிறுத்துவது, கட்டுப்படுத்துவது (7 கேள்விகள்): இத்தனைக்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்வது, குறித்த நேரத்தில் நிறுத்துவது, குறித்த நேரத்தில் இடத்தைவிட்டுக் கிளம்புவது, நடுநடுவே தண்ணீரோ வேறு பானமோ குடிப்பது, ‘போதும்’ என்று சொல்ல ஒரு நண்பரை வைத்துக்கொள்வது போன்றவை.

2. குடிக்கும் விதம் (5 கேள்விகள்): மடமடவென்று கவிழ்க்காமல் இருப்பது, போட்டி போட்டுக் குடிக்காமல் இருப்பது, இரண்டு மூன்று வகைகளைக் கலக்காமல் இருப்பது போன்றவை.

3. பெரிய ஆபத்தைத் தவிர்ப்பது (3 கேள்விகள்): குடிக்காத ஒருவர் வண்டி ஓட்டுவது, நண்பரோடு சேர்ந்தே வீடு திரும்புவது, தன் கோப்பை எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று எப்போதும் தெரிந்துவைத்திருப்பது.

2015-ல் இதே பட்டியல் திருத்தப்பட்டு 20 கேள்விகளானது. இந்த உத்திகளை அதிகம் கையாளும் மாணவர்களுக்குக் குடியால் வரும் பாதிப்புகள் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. முக்கியமாக, மூன்று வகைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இரண்டாவது வகை, அதாவது ‘எப்படிக் குடிக்கிறோம்’ என்பது, குடிக்கும் அளவோடு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது. மூன்றாவது வகை, அளவு பெரிதாகக் குறையாவிட்டாலும் விபரீதங்களைக் குறைக்கிறது. அதனால்தான் மூன்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டிப் பார்ப்பதைவிட, ஒருவர் எந்த வகையில் பின்தங்கியிருக்கிறார் என்று தனித்தனியாகப் பார்ப்பது பயன் தரும்.

பொன்னேரிக்கு இந்தப் பட்டியல் பொருந்துமா?

அப்படியே எடுத்துவந்தால் பொருந்தாது. அந்தக் கேள்விகள், கோப்பை கோப்பையாக ஊற்றித் தரும் விருந்துகளையும் பார்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஒருவர் “நான் மூன்று டிரிங்க் குடித்தேன்” என்று எண்ணிச் சொல்ல முடியும். நம் ஊரில் யார் ‘டிரிங்க்’ கணக்கில் பேசுகிறார்கள்? இங்கே கணக்கு கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல். அதனால் முதல் வேலையே இந்தக் கணக்கை உடைப்பதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 10 கிராம் சுத்தமான ஆல்கஹால். இப்போது நம் கணக்குக்கு வருவோம்.

* குவார்ட்டர் (180 மி.லி): பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் வழக்கமாக 42.8 சதவிகிதம் ஆல்கஹால். கணக்கிட்டால் ஏறத்தாழ 60 கிராம். அதாவது 6 டிரிங்க்.
* கட்டிங் (குவார்ட்டரில் பாதி): ஏறத்தாழ 30 கிராம். அதாவது 3 டிரிங்க்.
* பீர் (650 மி.லி, 5 சதவிகிதம்): ஏறத்தாழ 25 கிராம். இரண்டரை டிரிங்க்.
* ஸ்ட்ராங் பீர் (650 மி.லி, 8 சதவிகிதம்): ஏறத்தாழ 40 கிராம். 4 டிரிங்க்.

‘பீர்தானே, அது கூல்டிரிங்க்ஸ் மாதிரி’ என்பவர்கள் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். ஒரு ஸ்ட்ராங் பீர், ஒரு கட்டிங்கைவிட அதிகம்!

உலக சுகாதார நிறுவனத்தின் அந்தக் கேள்வித்தாளுக்குப் பெயர் ‘ஆடிட்’. பத்து கேள்விகள், 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே எச்சரிக்கை. 20-ஐத் தாண்டினால் அடிமைநிலை இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அதில் மூன்றாவது கேள்வி, ‘ஒரே அமர்வில் ஆறு டிரிங்க் அல்லது அதற்கு மேல் எத்தனை முறை குடிக்கிறீர்கள்?’ என்பது. உலகக் கணக்கில் மிதமிஞ்சிய குடிக்கு அடையாளமான அந்த ஆறு, நம் ஊரில் ஒரேயொரு குவார்ட்டர். “நான் லிமிட்டா ஒரு குவார்ட்டரோட நிறுத்திக்குவேன்” என்று பெருமையாகச் சொல்வதில் என்ன சிக்கல் என்று இப்போது புரிகிறதா?

ஒரு கட்டிங்குக்குப் பிறகு பைக் சாவி

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். அதாவது ஒரு டிரிங்க்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரம். ஒரு கட்டிங் முழுதாக வெளியேற மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஒரு குவார்ட்டருக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். ராத்திரி 11 மணிக்கு முடித்தவர், காலையில் ஏழு மணிக்குக் கல்லூரிக்கு வண்டி எடுக்கும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம்.

மோர், எலுமிச்சைச் சாறு, பிளாக் காபி, தலைக்குத் தண்ணீர் என்று எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறும் வேகம் குறையுமே தவிர, உள்ளே போன அளவு குறையாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, 100 மி.லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வேகமாக ஒரு கட்டிங் அடித்தால், ஒரு மணி நேரத்துக்குள் 50 மில்லிகிராம் அளவை எட்டிவிட வாய்ப்பு உண்டு. எடை குறைவானவர்களுக்கும் பெண்களுக்கும் இது இன்னும் கூடும். மாட்டினால் முதல்முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம்.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் சாலை. பொன்னேரியில் இருந்து தச்சூர் கூட்டுச்சாலைக்கு வந்தால், சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை. சிப்காட் கன்டெய்னர்களும் ஆந்திர லாரிகளும் இரவு முழுக்க ஓடும் சாலை அது. அந்தச் சாலையில் ‘ஒரு கட்டிங்தான்’ என்ற கணக்குக்கு இடமில்லை.

நம் ஊருக்கான கேள்விகள்

மூன்று வகைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, கேள்விகளை நம் ஊர் நடைமுறைக்கு மாற்றிப் பார்க்கலாம். இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி. கடந்த மூன்று மாதங்களை நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை / எப்போதாவது / பெரும்பாலும் / எப்போதும்’ என்று பதில் சொல்லுங்கள்.

கட்டுப்படுத்துவது

1. வாங்கும்போதே அளவை முடிவு செய்கிறேனா? ‘தீர்ந்துவிட்டதே, இன்னொன்று வாங்கலாம்’ என்று மறுபடி கடைக்கு ஆள் அனுப்பாமல் இருக்கிறேனா?
2. கடைசி ரயில், கடைசி பஸ் நேரத்தை மனதில் வைத்து அதற்கு முன்பே நிறுத்துகிறேனா?
3. ‘போதும்டா’ என்று சொல்லும் உரிமையை ஒரு நண்பனுக்குக் கொடுத்திருக்கிறேனா? அவன் சொன்னால் கேட்கிறேனா?
4. சாப்பிட்டுவிட்டு உட்காருகிறேனா? நடுவில் தண்ணீர் குடிக்கிறேனா?

குடிக்கும் விதம்

5. தண்ணீர் கலக்காமல் ‘ராவாக’ அடிப்பதைத் தவிர்க்கிறேனா?
6. ‘ஒரே மூச்சுல அடி பார்ப்போம்’ என்ற பந்தயத்துக்கு மறுப்பு சொல்கிறேனா?
7. பீரையும் பிராந்தியையும் கலந்து அடிப்பதைத் தவிர்க்கிறேனா?
8. தூக்க மாத்திரை, வலி மாத்திரை எடுத்த நாளில் தொடாமல் இருக்கிறேனா?

பெரிய ஆபத்தைத் தவிர்ப்பது

9. குடிக்காத ஒருவன்தான் வண்டி எடுக்க வேண்டும் என்பது பேச்சு தொடங்கும்போதே முடிவாகிறதா?
10. குடித்த பிறகு கடலிலோ ஏரியிலோ அருவியிலோ இறங்காமல் இருக்கிறேனா?
11. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காமல், நடைமேம்பாலத்தில் ஏறி வருகிறேனா?
12. யார் கொடுத்தது, எங்கே வாங்கியது என்று தெரியாத சரக்கைத் தொடாமல் இருக்கிறேனா?
13. எவ்வளவு நேரமானாலும், போதையில் இருப்பவனைத் தனியாக விடாமல் வீடு சேர்க்கிறோமா?

பத்தாவது கேள்வி அமெரிக்கப் பட்டியலில் இல்லை. பழவேற்காடு முகத்துவாரமும் தடா அருவியும் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்கு அது இல்லாமல் பட்டியல் முழுமையாகாது. போதை முதலில் பறிப்பது நிதானத்தை. நீரோட்டத்தில் அதுதான் உயிர்.

பன்னிரண்டாவது கேள்வியும் நம்முடையதே. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்ததை மறக்க முடியுமா? கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காரணம் மெத்தனால். அதை ருசியில், வாசனையில் கண்டுபிடிக்க முடியாது. பார்வை மங்குவது, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் போன்றவை பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். இந்த விஷயத்தில் ‘அளவாகக் குடிப்பது’ எந்தப் பாதுகாப்பும் தராது. தொடாமல் இருப்பது மட்டுமே வழி.

பதில்களைப் பாருங்கள். 9 முதல் 13 வரை ‘எப்போதும்’ தவிர வேறு பதில் ஒன்று இருந்தாலும், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். 1 முதல் 4 வரை ‘முடிவு செய்கிறேன், ஆனால் ஒருமுறைகூட நிறுத்த முடிந்ததில்லை’ என்றால், அது உத்தியால் தீரும் பிரச்னை அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். கவலையை மறக்க, தூக்கம் வர, தனியாக உட்கார்ந்து குடிப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

நண்பன் விழுந்துவிட்டால்...

‘தூங்கட்டும், காலையில சரியாயிடும்’ என்ற வார்த்தை பல வீடுகளில் தீராத துக்கத்தைக் கொடுத்திருக்கிறது. எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக விட்டுவிட்டு வருகிறது, உடல் சில்லிட்டு உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாக்கப் படுத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகவும் வேண்டாம்.

‘போலீஸ் கேஸாகிடுமோ, பில் கட்டணுமோ’ என்ற பயத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்திலேயே தனிப்பிரிவு இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் இருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

‘இது குடிக்கக் கற்றுக்கொடுப்பது ஆகாதா?’

நியாயமான கேள்வி. ஹெல்மெட் போடச் சொல்பவர், கீழே விழச் சொல்லவில்லை. குடிக்காத மாணவரிடம் இந்தப் பட்டியலை நீட்ட வேண்டிய அவசியமில்லை. அவர் இருக்கும் இடம்தான் மிகப் பாதுகாப்பானது. கூட்டத்தில் “எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்க்கிற ஒருத்தன் இருப்பானே... அவனைக் கிண்டல் செய்யாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு உத்திதான்.

கல்லூரிகள் இதைச் செய்து பார்க்கலாம். போதைப்பொருள் எதிர்ப்பு மன்றமோ நாட்டு நலப்பணித் திட்ட அணியோ இருந்தால் போதும். பெயர், பதிவு எண் எதுவும் கேட்காத ஒரு தாள். பெட்டியில் போட்டுவிட்டுப் போகட்டும். பெயர் கேட்டால் பொய்தான் வரும். எந்தக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ அதிகம் வருகிறதோ, அடுத்த விழிப்புணர்வுக் கூட்டம் அதைப் பற்றியதாக இருக்கட்டும். வண்டி விஷயத்தில் மதிப்பெண் குறைந்தால் வண்டியைப் பற்றிப் பேசுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தாளை மறுபடி கொடுத்தால், பேசியது பலித்ததா என்று தெரிந்துவிடும். பேரணிக்கும் உறுதிமொழிக்கும் இல்லாத வசதி இது.

ஆலோசனை வேண்டுபவர்கள் பெரிய மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோவாவில் மனநல மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில அமர்வுகள் பேசி, மிகையாகக் குடித்தவர்களின் குடியைக் குறைக்க முடிந்ததை 2016-17-ல் வெளியான ஓர் ஆய்வு நிரூபித்தது. தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண், போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகியவற்றில் தமிழிலேயே பேசலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனையும் இருக்கின்றன.

கடைசியாக, அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியலில் எந்தக் கேள்வியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை பிள்ளை கிளம்பும்போது இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்: “எங்க இருந்தாலும், எந்த நிலைமையில இருந்தாலும், நீ வண்டி எடுக்காதே கண்ணு. எனக்கு ஒரு போன் பண்ணு. நான் வந்து கூட்டிட்டு வர்றேன். திட்டுறதை நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

நாளைக்குத் திட்டுவதற்குப் பிள்ளை இருக்க வேண்டும், இல்லையா?